நிகர இயக்க வருமானம்: தென்காசி, குற்றாலம் வாடகைச் சொத்துகளை முன்வைத்து

நிகர இயக்க வருமானம் என்பது, வாடகைக்கு விடப்பட்ட ஒரு சொத்து ஓராண்டில் உண்மையாக ஈட்டும் வருமானத்திலிருந்து, அதை நடத்துவதற்கு ஆகும் செலவுகளைக் கழித்தபின் எஞ்சும் தொகை ஆகும். வீட்டுக் கடனின் தவணை, உரிமையாளர் செலுத்தும் வருமான வரி, தேய்மானம் ஆகிய மூன்றும் இக்கணக்கில் வருவதில்லை. யார் வாங்கினாலும், கையிருப்பில் வாங்கினாலும் கடனில் வாங்கினாலும், அந்தக் கட்டடம் தன்னளவில் எவ்வளவு சம்பாதிக்கிறது என்பதை மட்டும் இது காட்டுகிறது. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நில மனை முதலீட்டு அறக்கட்டளைகள் தமது கட்டடங்களின் வருமானத்தை இந்த அளவால்தான் அறிவிக்கின்றன. இந்தியாவில் அவ்வகையில் முதலாவதான எம்பசி ஆபீஸ் பார்க்ஸ் 2019 ஏப்ரலில் பட்டியலிடப்பட்டது. நான்கு வீடுகள் கொண்ட ஒரு லைன் வீட்டுக்கும் கணக்கு முறை இதுவே.

சூத்திரம் எளியது, அதில் இடும் எண்களில்தான் சிக்கல் இருக்கிறது. இதைக் கற்க தென்காசியும் குற்றாலமும் நல்ல பாடம். ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இவ்விரு ஊர்களிலும் வாடகை வருமானம் இருவேறு விதமாக நடக்கிறது. தென்காசி 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகரானது. மாவட்ட அலுவலகங்களும் அவற்றின் பணியாளர்களும் வந்ததால் மாத வாடகைக்குக் குடியிருப்போர் அங்கு ஆண்டு முழுதும் உண்டு. குற்றாலத்தில் அறையெடுப்பவர் அருவியில் தண்ணீர் விழும்போது வருகிறார், விழாதபோது வருவதில்லை.

கணக்கின் படிகள்

முதற்படி, எல்லாப் பகுதிகளும் ஆண்டு முழுவதும் வாடகைக்குப் போனால் கிடைக்கக்கூடிய மொத்த வாடகை. இரண்டாவது, வீடு காலியாகக் கிடக்கும் காலத்திலும் வாடகை வசூலாகாமலும் போகும் இழப்பைக் கழிப்பது. வாகன நிறுத்தம், சாமான் அறை போன்ற இதர வரவுகளை இத்துடன் கூட்டினால் கைக்கு வரும் மொத்த வருமானம் கிடைக்கும். மூன்றாவது, இயக்கச் செலவுகளைக் கழிப்பது.

இயக்கச் செலவில் சேர்பவை: உள்ளாட்சிக்குக் கட்டும் தீர்வை, குடிநீர்க் கட்டணம், பொது விளக்கு மற்றும் மோட்டாருக்கான மின்கட்டணம், துப்புரவு, செப்டிக் டேங்க் சுத்தம், வெள்ளையடித்தல், சிறு பழுதுகள், காப்பீடு, காவலாளி சம்பளம், தரகு, மேலாண்மைச் செலவு. சேராதவை: கடன் தவணை, உரிமையாளரின் வருமான வரி, புதிதாக மாடி எடுப்பது போன்ற மூலதனச் செலவு. குடியிருப்பவரிடம் வாங்கும் அட்வான்சும் வருமானம் ஆகாது, அது திருப்பித் தர வேண்டிய பணம். 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் (2017) குடியிருப்புக்கான முன்பணத்தை மூன்று மாத வாடகைக்குள் வரையறுக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது.

பெரும்பாலான சிறு உரிமையாளர்கள் விட்டுவிடும் செலவு அவர்களுடைய சொந்த உழைப்பு. வாடகை வாங்கப் போவது, பிளம்பரைத் தேடிப் பிடிப்பது, குடிவருவோரிடம் வீட்டைக் காட்டுவது எல்லாவற்றையும் வீட்டுக்காரரே செய்தால் கையிலிருந்து பணம் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர் வெளிநாட்டில் வேலை பார்த்தால் இதே வேலைக்கு ஒருவருக்குச் சம்பளம் தர வேண்டியிருக்கும். வளைகுடா நாடுகளில் உழைப்பவர்கள் மிகுந்த கடையநல்லூர் வட்டாரத்தில் இது கற்பனைச் செலவு அல்ல. எனவே உரிமையாளரே பார்த்துக்கொண்டாலும், கைக்கு வரும் வருமானத்தில் ஒரு சிறு விழுக்காட்டை மேலாண்மைச் செலவாக எழுதுவதே முறை.

தென்காசி: மாத வாடகை வீடுகள்

இக்கட்டுரையில் வரும் தொகைகள் கணக்கின் போக்கை விளக்க எடுத்துக்கொண்டவை. சந்தை நிலவரமாகக் கொள்ளத்தக்கவை அல்ல. தென்காசி நகரில் நான்கு வீடுகள் கொண்ட ஒரு கட்டடம், வீடு ஒன்றுக்கு மாத வாடகை 6,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குக் கிடைக்கக்கூடிய வாடகை 3,12,000 ரூபாய். ஆண்டுக்கு ஒரு வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடந்தால் இழப்பு 13,000. படிக்கட்டின் கீழுள்ள சாமான் அறைக்கு மாதம் 1,000 வீதம் 12,000 வரவு. ஆகக் கைக்கு வருவது 3,11,000 ரூபாய்.

செலவில் தீர்வை 9,000, பொது மின்கட்டணம் 12,000, குடிநீர் 4,000, துப்புரவு 12,000, பழுதும் வெள்ளையடிப்பும் 24,000, காப்பீடு 3,000, மேலாண்மை 15,000, கூட்டினால் 79,000. நிகர இயக்க வருமானம் 2,32,000 ரூபாய்.

வெள்ளையடிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அறுபதாயிரம் செலவானால் ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் என்று பிரித்து எழுத வேண்டும். செலவு நேராத ஓர் ஆண்டின் கணக்கை மட்டும் காட்டி வீட்டை விற்பது பழைய உத்தி. தீர்வையும் நிலையான தொகை அல்ல. தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளில் சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை கட்டப்படுகிறது. 2022 ஏப்ரலில் அது மாநிலம் முழுவதும் உயர்த்தப்பட்டபோது, குடியிருப்புகளுக்கான உயர்வு கட்டடத்தின் பரப்பைப் பொறுத்து 25 விழுக்காட்டில் தொடங்கியது. அரையாண்டு தொடங்கிய 30 நாட்களுக்குள் கட்டுவோருக்கு 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. வாங்குபவர் பழைய ரசீதைப் பார்த்து எழுதாமல், நடப்பு அரையாண்டின் கேட்புத் தொகையை இரண்டால் பெருக்கி எழுதுவது நல்லது.

இந்தக் கட்டடத்தின் விலை 55 லட்சம் என்றால், 2,32,000ஐ அதால் வகுக்கக் கிடைப்பது 4.2 விழுக்காடு. இதற்கு மூலதன வீதம் என்று பெயர். பேச்சில் கேப் ரேட் என்பர். வாங்குவதற்கு 30 லட்சத்தை 9 விழுக்காடு வட்டியில் 15 ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 30,430 ரூபாய், ஆண்டுக்கு ஏறத்தாழ 3,65,000. வீடு ஈட்டுவதோ 2,32,000. எஞ்சிய 1,33,000 ரூபாயை உரிமையாளர் தம் சம்பளத்திலிருந்து போட வேண்டும். கடனை 15 லட்சமாகக் குறைத்தால் ஆண்டுத் தவணை ஏறத்தாழ 1,82,600 ஆகும். நிகர இயக்க வருமானம் அதன் 1.27 மடங்கு. இந்த மடங்கைக் கடன் தரும் நிறுவனங்களும் பார்க்கின்றன. ஒன்றுக்குக் கீழே போனால் சொத்து தன் கடனைத் தானே அடைக்க இயலாது என்று பொருள்.

ஒத்தி வீடுகள்

தென் மாவட்டங்களில் மாத வாடகைக்குப் பதிலாக ஒத்திக்கு விடும் வழக்கம் பரவலாக உள்ளது. குடியிருப்பவர் ஒரு பெருந்தொகையை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு, வாடகையின்றிக் குடியிருந்து, காலம் முடிந்ததும் முழுத் தொகையையும் திரும்பப் பெறுகிறார். சென்னைப் பக்கம் இதைப் போகியம் என்றோ லீஸ் என்றோ சொல்வார்கள். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இதை அனுபவ அடமானமாகப் பார்க்கிறது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள அடமானம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. நடைமுறையில் பல ஒத்திகள் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திடுவதோடு நின்றுவிடுகின்றன.

நிகர இயக்க வருமானக் கணக்கில் ஒத்தித் தொகையை வரவாக எழுதுவது பெரிய பிழை. அது கடன். மேலே சொன்ன கட்டடத்தில் ஒரு வீட்டை 5 லட்சத்துக்கு ஒத்தி விட்டு, அந்தப் பணத்தால் 9 விழுக்காட்டுக் கடனை அடைத்தால் ஆண்டுக்கு 45,000 வட்டி மிச்சமாகும். அதே வீடு வாடகைக்குப் போயிருந்தால் 78,000 கிடைத்திருக்கும். வேறுபாடு 33,000. வெள்ளையடிப்பதும் தீர்வை கட்டுவதும் அப்போதும் உரிமையாளர் பொறுப்பே. ஒப்பிடுவதற்காகக் கணக்கிடும்போது ஒத்தி வீட்டுக்கும் அவ்வட்டார வாடகையை வரவாக எழுதி, ஒத்தித் தொகையைக் கடன் பக்கத்தில் வைக்க வேண்டும்.

வாங்குபவருக்கு இதில் ஓர் அபாயம் உண்டு. நான்கில் மூன்று வீடுகள் ஒத்தியில் இருந்தால் 15 லட்ச ரூபாய் கடன் சொத்தோடு சேர்ந்து வருகிறது. பதிவாகாத ஒத்தி வில்லங்கச் சான்றில் தெரியாது. குடியிருப்பவரிடம் நேரில் போய்க் கேட்டால்தான் தெரியும்.

குற்றாலம்: சீசன் வருமானம்

குற்றாலத்தின் சீசன் தென்மேற்குப் பருவமழையோடு ஜூனில் தொடங்கி, பொதுவாகச் செப்டம்பர் வரை நீடிக்கும். செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றும் சாரலும்தான் கூட்டத்தை இழுக்கின்றன. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குச் செல்லும் ஐயப்ப பக்தர்களால் இரண்டாவதாக ஒரு சிறு சீசன் வரும். மற்ற மாதங்களில் பேரருவியில் தண்ணீர் குறைந்து, பாறை தெரியும் நாட்களும் உண்டு.

எட்டு அறைகள் கொண்ட ஒரு விடுதி 1 கோடியே 20 லட்சத்துக்கு விலைக்கு வருகிறது என்று கொள்வோம். ஜூலை மாதத்தில் அறைக்கு 2,000 ரூபாய், 70 விழுக்காடு நிரம்பியிருந்தது. 30 நாளில் வசூல் 3,36,000. இதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 40,32,000 வரும். செலவு பாதி போனாலும் இருபது லட்சம் நிற்கும், விலைக்கு அது 16.8 விழுக்காடு என்று தரகர் கணக்குச் சொன்னால் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும்.

ஆண்டு முழுவதையும் பிரித்துப் போட்டால் வேறு எண் வருகிறது. சீசனின் 90 நாளில் 70 விழுக்காடு நிரம்பினால் 504 அறை-நாட்கள். 2,000 வீதம் 10,08,000. ஐயப்பன் சீசனின் 60 நாளில் 40 விழுக்காடு, 192 அறை-நாட்கள். 1,200 வீதம் 2,30,400. எஞ்சிய 215 நாளில் 10 விழுக்காடு, 172 அறை-நாட்கள். 800 வீதம் 1,37,600. மொத்தம் 13,76,000 ரூபாய். தரகர் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு. ஆண்டு முழுவதும் பார்த்தால் அறைகள் நிரம்பியது சுமார் 30 விழுக்காடுதான்.

செலவோ சீசனுக்கு மட்டும் வருவதில்லை. ஆண்டு முழுவதும் ஒரு காவலாளி வேண்டும்: 1,44,000. சீசனில் கூடுதலாக இரண்டு பேர்: 60,000. வணிக வீதத்தில் மின்கட்டணம்: 1,50,000. துணி வெளுப்பு, அறை-நாளுக்கு 150 வீதம்: 1,30,200. சீசன் வசூலில் பத்து விழுக்காடு முன்பதிவுத் தளங்களுக்கும் தரகர்களுக்கும்: 1,00,800. பழுதுபார்ப்பு: 1,60,000. தீர்வையும் உரிமக் கட்டணங்களும்: 45,000. காப்பீடு: 15,000. தண்ணீரும் செப்டிக் டேங்க் சுத்தமும்: 36,000. மேலாண்மை, வசூலில் பத்து விழுக்காடு: 1,37,600. கூட்டினால் 9,78,600. நிகர இயக்க வருமானம் 3,97,400 ரூபாய், விலைக்கு 3.3 விழுக்காடு. தென்காசி லைன் வீட்டைவிடக் குறைவு.

பழுதுக்கு 1,60,000 அதிகம் என்று தோன்றலாம். சாரலில் நனையும் சுவரில் பூஞ்சை படியும். மெத்தையிலும் திரையிலும் ஈரவாடை ஏறும். இரும்புக் கதவு துருப்பிடிக்கும். எண்ணெய் தேய்த்துக் குளித்து வருபவர்கள் தங்கும் அறையின் குளியலறையும் படுக்கை விரிப்பும் சாதாரண விடுதியைவிட விரைவில் பாழாகும். கட்டில், தொலைக்காட்சி, வெந்நீர்க் கருவி ஆகியவற்றை மாற்றுவதற்கென ஆண்டுக்கு ஒரு தொகையைத் தனியே ஒதுக்குவோரும் உண்டு. அப்படி 60,000 ஒதுக்கினால் கையில் நிற்பது 3,37,400 ஆகிவிடும்.

அருவி அடைக்கப்படும் நாட்கள்

குற்றாலத்துக் கணக்கில் தண்ணீர் இல்லாமை ஓர் ஆபத்து, தண்ணீர் மிகுதி மற்றோர் ஆபத்து. வெள்ளம் பெருகி வரும்போது அருவிகளில் குளிக்கத் தடை விதிக்கப்படும். தடைச் செய்தி வந்தவுடன் அறை முன்பதிவுகள் ரத்தாகும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் ஏற்பட்ட திடீர் வெள்ளம் ஒரு மாணவனின் உயிரைப் பறித்தது. அதன்பின் அருவிகளில் குளிக்கத் தடை விதிக்கப்பட்டது. கொரோனா காலத்தில் 2020, 2021 ஆகிய இரண்டு சீசன்களிலும் அருவிகளில் குளிக்க அனுமதி இல்லை. விடுதியை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தவர்களுக்கு அந்த இரண்டு ஆண்டும் எப்படிக் கழிந்திருக்கும் என்பதைக் கீழ்வரும் கணக்கிலிருந்து ஊகிக்கலாம்.

மேற்சொன்ன விடுதி 90 நாள் சீசனில் 30 நாளை இழந்தால் வசூல் 3,36,000 குறையும். வெளுப்பில் 25,200, தரகில் 33,600, மேலாண்மையில் 33,600, மின்சாரத்தில் ஏறத்தாழ 20,000 மிச்சமாகும். காவலாளி சம்பளமும் தீர்வையும் காப்பீடும் அப்படியே நிற்கும். ஆக நிகர இயக்க வருமானம் 2,23,600 சரிந்து 1,73,800க்கு வரும். மொத்த வசூல் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. நிகர வருமானமோ பாதிக்கு மேல் போய்விட்டது. இந்த விடுதியின் பேரில் 30 லட்சம் கடன் இருந்தால், நல்ல ஆண்டில் 3,65,000 தவணையை மயிரிழையில் கட்டிவிடலாம். கெட்ட ஆண்டில் பாதித் தவணைகூடத் தேறாது.

ஆகவே சீசன் ஊர்ச் சொத்துக்கு ஓராண்டு நிகர இயக்க வருமானத்தை மட்டும் பார்ப்பது போதாது. குறைந்தது ஐந்து ஆண்டுகளின் சராசரியும், அவற்றுள் மிக மோசமான ஆண்டின் எண்ணும் வேண்டும். கடனின் அளவை மோசமான ஆண்டை வைத்தே முடிவு செய்ய வேண்டும். இந்த ஆபத்தை ஏற்பதற்காக வாங்குபவர் 6 விழுக்காடாவது எதிர்பார்த்தால், 3,97,400 ஈட்டும் விடுதிக்கு அவர் தரக்கூடிய விலை சுமார் 66 லட்சம். அதற்கு மேல் தருகிற பணம் நிலத்தின் எதிர்கால விலையேற்றத்துக்காகத் தருவது. அப்படி வாங்குவதும் ஒரு முடிவுதான். ஆனால் அதை வாடகை வருமானம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

வரிக் கணக்கிலிருந்து வேறுபாடு

நிகர இயக்க வருமானமும் வருமான வரிக்கான வீட்டு வருமானமும் ஒன்றல்ல. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, வாடகையிலிருந்து உரிமையாளர் செலுத்திய தீர்வையைக் கழித்து, எஞ்சியதில் 30 விழுக்காட்டை உண்மைச் செலவு எவ்வளவானாலும் கழித்துக்கொள்ளலாம். 2026 ஏப்ரல் 1 முதல் அதற்கு மாற்றாக வரும் 2025ஆம் ஆண்டுச் சட்டமும் இக்கழிவைத் தொடர்கிறது. தென்காசி எடுத்துக்காட்டில் 3,11,000 வரவில் தீர்வை 9,000 போக 3,02,000. அதில் 30 விழுக்காடான 90,600ஐக் கழித்தால் 2,11,400. கடன் வட்டிக் கழிவு இதற்குப் பிறகு வருவது. தீர்வை நீங்கலாக உண்மையில் செலவானது 70,000தான் என்பதால், இங்கே வரிக்கான வருமானம் நிகர இயக்க வருமானத்தைவிடக் குறைவாக அமைகிறது.

விடுதி நடத்துவது பொதுவாக வணிக வருமானமாகக் கொள்ளப்படுவதால் அங்கு இந்த 30 விழுக்காடு பொருந்தாது; உண்மைச் செலவுகளே கழிக்கப்படும். சரக்கு மற்றும் சேவை வரிக்குப் பதிவு செய்த விடுதிகள் அறை வாடகையின் மேல் வசூலிக்கும் வரி அரசுக்குச் செல்வது, அதை வரவில் சேர்க்கக் கூடாது. 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு இந்த வீதம் 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடு. ஆனால் விடுதி தான் வாங்கும் பொருட்களுக்குக் கட்டிய வரியை அதில் ஈடுகட்டிக்கொள்ள முடியாது என்பதால், அந்த வரி செலவுப் பக்கத்தில் ஏறிவிடும்.

எண்களைச் சரிபார்த்தல்

விற்பவர் தரும் கணக்கைச் சரிபார்க்க வாடகை ஒப்பந்தங்கள், வங்கிக் கணக்குப் பதிவுகள், தீர்வை ரசீதுகள், விடுதியென்றால் தங்குவோர் பதிவேடு ஆகியவற்றைக் கேட்கலாம். இவற்றுள் எளிதில் திருத்த முடியாதது மின்கட்டண விவரம். இரு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படும் அளவு, அறைகளில் ஆள் இருந்தார்களா என்பதைக் காட்டிக்கொடுக்கும். குற்றாலத்து விடுதியின் ஜூலை, ஆகஸ்ட் மாத அலகுகளைப் பிப்ரவரி, மார்ச் மாத அலகுகளுடன் ஒப்பிட்டால் சீசன் இல்லாக் காலத்தின் நிலைமை தெரியும். ஐந்து ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் அலகுகளை அடுத்தடுத்து வைத்தால் எந்த ஆண்டுச் சீசன் பொய்த்தது என்பதும் தெரியும். தென்காசி வீடுகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இணைப்பு இருந்தால், வாடகைக்குப் போனதாகச் சொல்லப்படும் மாதங்களில் மீட்டர் ஓடாமல் நின்றிருக்கிறதா என்று பார்க்கலாம்.